பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு: வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 ஒன்று இருக்கிறது, உள்ளே இன்டெல் ஐ5-3470, 8 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். தெரிந்தவர் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். கொஞ்சம் கேம், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், இதற்காகத்தான் கேட்கிறேன், அந்த கார்டு என் மதர்போர்டில் பொருந்துமா?

ஸ்லாட்டில் பொருந்தும். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் அந்த கம்ப்யூட்டரில் அது ஓடாது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பொருந்துமா என்று கேட்கிற எல்லோருமே ஸ்லாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஸ்லாட்டோ கிட்டத்தட்ட எப்போதுமே பிரச்சினை இல்லாத ஒரே இடம். அந்த ஸ்லாட்டின் தரத்துக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ், அது எந்தத் தலைமுறையாக இருந்தாலும் முன்னும் பின்னும் ஒத்துப்போகும். 4.0 கார்டை 3.0 போர்டில் செருகலாம், 3.0 கார்டை 2.0 போர்டில் செருகலாம், இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில் ஓடும். தகராறு வருவது கரன்ட், இடம், ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடுகிற பயாஸ் மென்பொருள் இந்த மூன்றில்தான், இந்த மூன்றையும் தீர்மானிப்பது கார்டு இல்லை, உங்கள் கம்ப்யூட்டர். அதனால் கார்டின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கேபினட்டைத் திறந்து பாருங்கள்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த 7010 என்று தெரிய வேண்டும். இந்தப் பெயரில் டெல் இரண்டு வேறு வேறு கம்ப்யூட்டர்களை விற்றிருக்கிறது. 2012-இல் வந்தது மூன்றாம் தலைமுறை இன்டெல், 2023-இல் அதே 7010 என்ற எண்ணை மறுபடி எடுத்து 13-ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு வைத்துவிட்டார்கள். இணையத்தில் மேனுவல் தேடினால் இரண்டும் கலந்து வரும், புதிய மெஷினின் விவரங்களைப் படித்துவிட்டு பழையதற்குக் கார்டு வாங்கினால் பணம் போய்விடும். ஐ5-3470 என்று சொல்கிறீர்கள், ஆகவே உங்களுடையது 2012-ஆம் ஆண்டு மாடல். சந்தேகம் இருந்தால் கேபினட்டின் மேலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் ஏழு எழுத்து சர்வீஸ் டேகை டெல்லின் சப்போர்ட் பக்கத்தில் போட்டால் சரியான மேனுவலே வந்துவிடும். வேறு கம்பெனி மெஷின் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் மாடல் பெயர், மதர்போர்டு, பயாஸ் தேதி எல்லாம் ஒரே திரையில் கிடைக்கும். அந்தத் திரையை மூடிவிடாதீர்கள், பின்னால் இன்னொரு விஷயத்துக்கு அது வேண்டும்.

அடுத்தது உருவம். 2012-இன் 7010 நான்கு உருவங்களில் வந்தது: மினி டவர், டெஸ்க்டாப், ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர், அல்ட்ரா ஸ்மால். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ரீஃபர்பிஷ்டு கடைகளிலும் அதிகம் கிடைப்பது ஒல்லியான ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்தான், மேஜையில் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும் என்பதால் கம்பெனிகள் அதைத்தான் நூற்றுக்கணக்கில் வாங்கியிருந்தன. பவர் சப்ளையும் உருவத்துக்கு உருவம் மாறும்: மினி டவரில் 275 வாட், டெஸ்க்டாப்பில் 250, ஸ்மாலில் 240, அல்ட்ரா ஸ்மாலில் 200. கடைசி ரகத்தில் கிராபிக்ஸ் கார்டு செருக ஸ்லாட்டே கிடையாது, அது உங்களிடம் இருந்தால் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

இப்போது கரன்டு. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது விதி. அதற்கு மேல் சாப்பிடுகிற கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை டப்பாவிலிருந்து தனி ஒயர் வர வேண்டும், 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட், 8 பின் கனெக்டர் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 சாப்பிடுவது 170 வாட். உங்கள் பிராசஸரின் கணக்கு 77 வாட். போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் கிட்டத்தட்ட 300 வாட், 275 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்காது. இதோடு 3060 போன்ற கார்டுகள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தங்கள் கணக்கைவிட நன்றாகவே மேலே தாவும், அந்தத் தாவலில்தான் கேம் நடுவே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து போகும். என்விடியாவே அந்தக் கார்டுக்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்று சொல்கிறது. டெல்லின் சப்ளையிலோ பொதுவாக 8 பின் ஒயரும் இருக்காது, 6 பின் ஒயரும் இருக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட் லைனிலிருந்துதான் இழுக்கின்றன, ஆகவே 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 18 ஆம்ப் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கி 216 வாட், அதுதான் உங்கள் கையிருப்பு. 12 வோல்ட் இரண்டு லைனாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் இவ்வளவு என்று கீழே ஒரு வரி இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். டெல், ஹெச்பி, லெனோவா ஆபீஸ் மெஷின்களில் வருகிற சப்ளைகள் சின்னதாக இருந்தாலும் போட்ட எண்ணுக்கு நேர்மையானவை. கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத 450 வாட் டப்பாவின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே பார்த்தால் பாதி கூடத் தேறாது, அதைப் போடுவதற்கு டெல்லின் 275 வாட்டே எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சரி, 6 பின் ஒயர் இல்லையென்றால் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொல்வார். ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற சாட்டா பவர் ஒயரை 6 பின்னாக மாற்றுகிற கன்வெர்ட்டரைத் தயவுசெய்து தொடாதீர்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்தான், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்ப், மொத்தம் நாலரை ஆம்ப், அதாவது 54 வாட். 75 வாட் கேட்கக்கூடிய இடத்தில் 54 வாட் தாங்கும் பிளாஸ்டிக்கை மாட்டினால் அது சூடாகி உருகும், புகை வந்தவை உண்டு. பழைய பெரிய நாலு பின் மோலெக்ஸ் இரண்டைச் சேர்த்து ஒரு 6 பின் ஆக்குவது இதைவிடத் தேவலை. ஆனால் 240, 275 வாட் சப்ளையில் அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஒயரை மாற்றினால் ஒயர் கூடுமே தவிர சப்ளையின் வாட் கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமா? உங்களிடம் இருப்பது 7010 மினி டவர் என்றால் மாற்றலாம், இது அந்த மாடலின் பெரிய நல்ல குணம். அதில் இருப்பது வழக்கமான 24 பின் கனெக்டர், சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையே அந்த இடத்தில் உட்காரும். ஆனால் அதற்கு அடுத்து வந்த 3020, 7020, 9020 மாடல்களில் டெல் தனக்கென்று ஒரு 8 பின் கனெக்டர் வைத்துவிட்டது, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின், லெனோவா திங்க்சென்டர் எம்93பி-யில் 14 பின். இவற்றில் வெளிச் சப்ளை போட வேண்டுமென்றால் அந்தந்த மாடலுக்கென்று விற்கிற 24 பின் கன்வெர்ட்டர் வேண்டும். ஒன்றுக்கு விற்கிற கன்வெர்ட்டரை இன்னொன்றில் மாட்டினால் பின் வரிசை மாறி போர்டே போய்விடும், ஆகவே மாடல் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் மெஷினில் கன்வெர்ட்டர் இருந்தாலும் பயனில்லை, சப்ளையின் வடிவமே வேறு, ஏடிஎக்ஸ் டப்பா உள்ளே நுழையாது.

ஸ்மால் மெஷின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 75 வாட் என்பது விதி அனுமதிக்கிற உச்சம், ஒவ்வொரு கம்பெனியும் அதை முழுதாகத் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. சில ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் மாடல்களின் மேனுவலில் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 25 வாட் அல்லது 35 வாட் என்றே எழுதியிருப்பார்கள். மேனுவலில் விரிவாக்க ஸ்லாட் பகுதியைத் தேடி அந்த எண்ணைப் படித்துவிடுங்கள். எழுதியதற்கு மேல் போட்டும் பலருக்கு ஓடுகிறது என்பது உண்மைதான், ஆனால் பன்னிரண்டு வருடம் ஓடிய சப்ளை, உள்ளே காய்ந்துபோன கெபாசிட்டர், ஏப்ரல் மே மாத அறைச் சூடு எல்லாம் சேரும்போது அந்த ஓட்டம் எத்தனை நாளைக்கு என்று யாரும் பொறுப்பெடுத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் இடம். கார்டின் நீளம், உயரம், தடிமன் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், விற்பவர் நீளத்தை மட்டும் சொல்வார். நீளத்துக்கு ஸ்லாட்டின் பின்பக்க பிராக்கெட்டிலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூடு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அளந்ததில் கொஞ்சம் விட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் பவர் ஒயர் செருகுகிற கார்டாக இருந்தால் அந்த ஒயர் வளைவதற்கும் இடம் வேண்டும். சில போர்டுகளில் சாட்டா போர்ட்கள் ஸ்லாட்டின் நுனிக்கு நேராக இருக்கும், நீளமான கார்டு போட்டால் ஹார்டு டிஸ்க் ஒயரை மாட்ட முடியாது, அதையும் திறந்திருக்கும்போதே கண்ணால் பார்த்துவிடுங்கள். உயரத்தில் இரண்டு ரகம்தான்: சாதாரண கார்டின் பிராக்கெட் 12 சென்டிமீட்டர், லோ புரொஃபைல் என்கிற குட்டைக் கார்டின் பிராக்கெட் 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டரில் குட்டை மட்டும்தான் போகும். புதிய குட்டைக் கார்டுகளோடு இரண்டு பிராக்கெட்டும் பெட்டியில் வரும், பழைய கார்டு வாங்கும்போது குட்டை பிராக்கெட்டை விற்பவர் தொலைத்திருப்பார், அது தனியாகக் கிடைப்பது கஷ்டம், கேட்டு உறுதி செய்யுங்கள்.

தடிமனைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு ஸ்லாட்டின் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். இன்று கிடைக்கிற கார்டுகளில் பெரும்பாலானவை ஃபேனோடு சேர்த்து இரண்டு ஸ்லாட் அகலம். எக்ஸ்16 ஸ்லாட் ஓரத்தில், எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டினாற்போல் இருக்கிற சின்ன கேபினட்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டின் இடத்தில் சப்ளையின் தகரச் சுவர்தான் இருக்கும், அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டும்தான் போடலாம். உங்கள் 7010-இல் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும், ஒன்று உண்மையான எக்ஸ்16, இன்னொன்று பார்க்க அதே நீளம் ஆனால் உள்ளே எக்ஸ்4 அளவுக்குத்தான் இணைப்பு, அதுவும் 2.0 வேகம். எது எது என்று மேனுவலில் போட்டிருக்கும். இடம் வசதியாக இருக்கிறதே என்று இரண்டாவதில் செருகினால் கார்டு ஓடும், ஆனால் நொடிக்கு 16 ஜிகாபைட் போக வேண்டிய வழியில் 2 ஜிகாபைட்தான் போகும்.

லேன் என்பது டேட்டா போகிற பாதை, எக்ஸ்16 என்றால் பதினாறு லேன், எக்ஸ்4 என்றால் நான்கு. இந்த லேன் கணக்கு வேறொரு இடத்திலும் காலை வாருகிறது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 என்று 2022-இல் ஒரு கார்டு வந்தது, 53 வாட், குட்டை, ஒயர் வேண்டாம், பார்த்தால் ஆபீஸ் மெஷினுக்கென்றே செய்தது போல் இருக்கும். ஆனால் அதற்கு நான்கு லேன் மட்டும்தான். 4.0 போர்டில் அது போதும். உங்கள் 3.0 போர்டில் நொடிக்கு 4 ஜிகாபைட்டாகக் குறையும், இரண்டாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு 2.0 என்பதால் 2 ஜிகாபைட். கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்து ரேமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும்போது இது படம் தடுக்கித் தடுக்கி ஓடுவதாகத் தெரியும். மேலும் அதில் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற, அதாவது என்கோட் செய்கிற பகுதியே கிடையாது, எடிட்டிங் செய்வேன் என்று சொல்கிற உங்களுக்கு அது ஒத்துவராது. நல்ல கார்டு, தவறான வீட்டில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான்.

இன்டெல் ஆர்க் ஏ380-யும் இதே மாதிரி. 75 வாட், விலையும் நியாயம், வீடியோவுக்கு அருமையான கார்டு. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடுகிற ரீசைசபிள் பார் என்கிற வசதி போர்டில் இருந்தால்தான் அதன் முழு பலம் வரும், அது இல்லாத போர்டில் கேம் வேகம் மிகவும் விழுந்துவிடும், இன்டெல்லே 10-ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்கு மேலும் வேண்டும் என்றுதான் சொல்கிறது. 2012 மெஷினின் பயாஸில் அந்த வசதி கிடையாது. உங்களுக்கு ஆர்க் வேண்டாம்.

பயாஸ் விஷயத்துக்கு வந்துவிட்டோம். முன்பு திறந்து வைக்கச் சொன்ன சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்கிற புதிய முறை என்றிருந்தால் நல்லது. லெகசி என்றிருந்தால் சில புதிய கார்டுகளில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே நிற்கும், ஏனென்றால் பழைய முறையில் படம் காட்டுகிற நிரலை அந்தக் கார்டுகளில் இப்போது வைப்பதில்லை. 7010 இரண்டு முறையிலும் ஓடும், ஆனால் விண்டோஸ் லெகசி முறையில் போடப்பட்டிருந்தால் பயாஸில் மாற்றிய உடனே விண்டோஸ் எழும்பாது. டிஸ்கின் பிரிவுப் பட்டியலைப் பழைய எம்பிஆர் முறையிலிருந்து யுஇஎஃப்ஐ கேட்கிற ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸ் 10-இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது, முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு அதைச் செய்யுங்கள், அல்லது புதிதாக விண்டோஸ் போட்டுவிடுங்கள். கார்டு கைக்கு வருவதற்கு முன்னாலேயே டெல் தளத்திலிருந்து கடைசி பயாஸை எடுத்துப் போட்டுவிடுங்கள். அப்படியே சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், அந்த வயது மெஷின்களில் அது செத்துப்போய் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குப் போய்விடும், நீங்கள் கார்டில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டிரைவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பழைய கார்டு விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016-இல் வந்த அருமையான 75 வாட் கார்டு, ஆபீஸ் மெஷின்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்த கார்டு அதுதான். ஆனால் பாஸ்கல் என்கிற அந்தத் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய மேக்ஸ்வெல்லுக்கும் 2025 அக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. அதற்கும் முந்தைய கெப்ளர் தலைமுறைக்கு 2021-லேயே முடிந்துவிட்டது. கடைகளில் இன்னும் புதிது என்று விற்கிற ஜிடி 710-ம், ஜிடி 730-இல் பெரும்பாலானவையும் கெப்ளர்தான். இன்று பணம் கொடுத்து அதை வாங்குவதில் எந்த அர்த்தமும் இல்லை, யூடியூப் இப்போது அனுப்புகிற விபி9 என்கிற முறையில் சுருக்கிய வீடியோவைக்கூட அவை தாங்களாகப் பிரித்துக் காட்டாது. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு 2018-க்குப் பிறகு என்விடியா டிரைவரே இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது, உங்கள் மூன்றாம் தலைமுறை பிராசஸரோ விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் கிடையாது. இந்தக் கம்ப்யூட்டரில் எவ்வளவு பணம் போடலாம் என்று முடிவு செய்யும்போது இது மனதில் இருக்கட்டும்.

ஒரே பெயரில் வேறு வேறு கார்டு விற்பதும் நடக்கிறது. ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 ரகம், டிடிஆர்4 ரகம் என்று இரண்டு உண்டு, இரண்டாவதில் மெமரி வேகம் முதலாவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான், கேமில் இரண்டும் வெவ்வேறு கார்டு போலவே நடந்துகொள்ளும். ஜிடிஎக்ஸ் 1650-இல் ஒயர் வேண்டாதது ஒன்று, 6 பின் கேட்பது ஒன்று, பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, கார்டின் மேல் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி ரகம் 130 வாட்டும் ஒயரும் கேட்கும், 2024-இல் வந்த 6 ஜிபி ரகம் 70 வாட், ஒயர் வேண்டாம். ஆன்லைனில் நம்ப முடியாத விலையில் வருகிற 1050 டிஐ பலவும் பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளில் பயாஸை மாற்றி எழுதியவை. ஜிபியூ-இசட் என்கிற இலவச மென்பொருளில் திறந்தால் போலி என்று அதுவே காட்டிக்கொடுக்கும், ஆகவே அந்தத் திரையின் படம் இல்லாமல் பழைய கார்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மானிட்டர் ஒயரையும் பார்த்துவிடுங்கள். உங்கள் மெஷினில் விஜிஏ போர்ட் இருக்கிறது, பழைய மானிட்டர் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைய கார்டுகளில் விஜிஏ கிடையாது. ஜிடிஎக்ஸ் 1050, 1650 மாதிரி கார்டுகளில் டிவிஐ போர்ட் இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டும், பழைய டிவிஐ-விஜிஏ மூக்கு அதில் சேராது. மானிட்டரில் ஹெச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இருந்தால் அந்த ஒயரை வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும்.

பிராசஸர் தாங்குமா என்பது அடுத்த சந்தேகம். ஐ5-3470-இல் நான்கு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை, அவ்வளவுதான். 3060-ஐப் போட்டாலும் பல கேம்களில் கார்டு பாதி வேலையோடு சும்மா இருக்கும், பிராசஸர் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கும். அதோடு ஏவிஎக்ஸ்2 என்கிற கட்டளைத் தொகுப்பு அடுத்த தலைமுறையான ஹாஸ்வெல்லில்தான் வந்தது, அதைக் கட்டாயமாகக் கேட்கிற புது கேம் உங்கள் மெஷினில் எந்தக் கார்டு போட்டாலும் திறக்காது. அதே போர்டில் ஐ7-3770 உட்காரும், எட்டு த்ரெட், பழையது நியாயமான விலைக்குக் கிடைக்கிறது, அதுவும் 77 வாட்தான் என்பதால் சப்ளைக்குக் கூடுதல் சுமை இல்லை. 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டு ஜோடியாக்குங்கள். கார்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் ஒரு பகுதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்கினால் கிடைக்கிற வித்தியாசம் பெரிய கார்டில் கிடைக்காது.

ஆக உங்களுக்கு என் பதில்: மினி டவர் என்றால், எதையும் மாற்றாமல், ஒயர் வேண்டாத ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. கார்டுக்கு 75, பிராசஸருக்கு 77, மற்றவற்றுக்கு 50 என்று கூட்டினால் 200 வாட் பக்கம் வருகிறது, 275-க்குள் நிம்மதியாக நிற்கும். எடிட்டிங் செய்வதால் 6 ஜிபி மெமரியும் புதிய என்கோடரும் இருக்கிற 3050-ஐத்தான் நான் எடுப்பேன், அதற்கு எட்டு லேன் என்பதால் 3.0 போர்டில் பெரிய இழப்பு இல்லை. ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் என்றால் அதே 3050 6 ஜிபி-யின் குட்டை ரகம் கிடைக்கிறது, ஆனால் அது இரண்டு ஸ்லாட் தடிமன், ஸ்லாட்டுக்கு மேனுவலில் எழுதியிருக்கிற வாட், பக்கத்து இடம் இரண்டும் சரியாக இருந்தால் மட்டும். இடம் இல்லையென்றால் என்விடியா டி1000 (T1000) என்கிற வொர்க்ஸ்டேஷன் கார்டைத் தேடுங்கள், 50 வாட், ஒற்றை ஸ்லாட், குட்டை, இந்த மாதிரி மெஷினுக்கு அளவெடுத்துச் செய்தது, மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருப்பதால் அதற்கான ஒயரையும் சேர்த்து வாங்க வேண்டும். 3060-தான் வேண்டும், ஒன்றிரண்டு வருடத்தில் புது கம்ப்யூட்டருக்கு அதை எடுத்துப் போய்விடுவேன் என்றால் அதுவும் நியாயமான யோசனை, ஆனால் மினி டவராக இருக்க வேண்டும், பெயருள்ள கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து வாங்க வேண்டும், இரண்டு ஃபேன் கொண்ட நீளம் குறைந்த ரகமாக இருக்க வேண்டும், ஹார்டு டிஸ்க் கூட்டைக் கழற்ற வேண்டி வரலாம்.

கார்டு வந்த அன்றே மாட்டிவிடுங்கள். மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரன்டை இறக்குங்கள், ஸ்லாட்டின் நுனியில் இருக்கிற கொக்கி க்ளிக் என்று விழுகிறதா பாருங்கள், மானிட்டர் ஒயரைப் போர்டில் இல்லாமல் கார்டில் செருகுங்கள், படம் வரவில்லை என்று வருகிற புகார்களில் பாதி இந்த ஒயரால்தான். வேறு கார்டு ஏற்கெனவே இருந்திருந்தால் டிடியூ என்கிற மென்பொருளால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பிறகு ஜிபியூ-இசட்டைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓட விட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக, சுமை ஏறியதும் 3.0 என்று மாற வேண்டும், 3050 என்றால் எக்ஸ்8, 1650 என்றால் எக்ஸ்16 என்று காட்ட வேண்டும். எக்ஸ்4 என்று நின்றால் ஸ்லாட் மாறிவிட்டது, அல்லது சரியாக உட்காரவில்லை. அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட விட்டு கார்டின் சூடு 80 டிகிரி தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். ஆபீஸ் கேபினட்டுகளில் காற்று வருகிற வழி குறைவு, பக்கத் தகடைத் திறந்து வைத்ததும் பத்து டிகிரி இறங்குகிறது என்றால் முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் கார்டைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கிற நாட்களுக்குள் செய்து முடித்துவிடுங்கள், பெட்டியையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.